வீட்டில் முதல் ஆள்

ஓகஸ்ட் 28, வியாழன்

பீலெஃபெல்ட். மழை.

ஹம்பேர்க் யுனியில் வகுப்புகள் தொடங்குமுன் ஐந்து நாள் அறிமுக முகாம். அதற்கு விண்ணப்பம். குடும்பத்தில் முதல் ஆளாகப் பல்கலைக்கழகம் போகிறவர்களுக்கு மட்டும். இருபது இடம். தெரிவானால் துணைக்கு ஒரு மூத்த மாணவர், முதல் வருடம் முழுவதும் அவரிடம் எதையும் கேட்கலாம். எனக்கு வேண்டியது அதுதான். அந்த ஊரில் எனக்கு ஒருவரையும் தெரியாது.

கேள்வி 7: பெற்றோரில் யாருக்காவது பட்டம் உண்டா?

இல்லை. பொய்யில்லை. அப்பா யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் பௌதிகவியல். பிறகு சண்டை, கொழும்பு, இங்கே. இப்போது பாண் சுடும் தொழிற்சாலையில் பொதி கட்டுகிறார்.

கேள்வி 9: உங்களைப் பற்றி ஐந்து வரி. மூன்று எழுதி இரண்டை அழித்தேன்.

அம்மா: "ஆம்பிளைப் பிள்ளையளும் வருவினமோ?"

"ஓம் அம்மா. யுனி அது."

"தெரியும். சும்மா கேட்டனான்."

செப். 1, திங்கள்

அனுப்பியாயிற்று. வாங்க: மழைக்கோட்டு, ஷாம்பூ, பூட்டு. பல் வைத்தியரிடம் டெர்மின் எடுத்து நாள் குறிக்க வேண்டும்.

செப். 9, செவ்வாய்

பின்னேரம் ஐந்தரை. முகாம் நடத்தும் பெண்ணிடமிருந்து அழைப்பு. இதமான குரல். இடம் குறைவு, அதனால் இன்னும் இரண்டு கேள்வியாம்.

வீட்டில் எவராவது ஒரு நாளாவது பல்கலைக்கழகத்தில் இருந்து படித்திருக்கிறார்களா?

அப்பா குசினியில் லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தார். கதவு திறந்தபடி.

ஒருவருமில்லை, என்றேன்.

செமினார் என்றால் என்னவென்று விளக்கிச் சொல்லக்கூட ஆளில்லையா?

இல்லை.

கத்திச் சத்தம் நின்றது. பிறகு தொடர்ந்தது. அப்பாவுக்கு ஜேர்மன் நன்றாகவே விளங்கும்.

சாப்பிடும்போது அப்பா: "உப்புக் காணுமோ?"

"காணும். அளவா இருக்கு."



செப். 10, புதன்

திருப்பி அழைத்து உண்மையைச் சொல்லலாம். எண் இருக்கிறது. உடுப்புக் காயப்போட்டேன். தலையிடி.

செப். 18, வியாழன்

மின்னஞ்சல். இடம் கிடைத்துவிட்டது.

அம்மா சித்தியிடம் தொலைபேசியில்: "கம்பஸ் துவங்க முதலே கூப்பிடுகினம். கெட்டிக்காரரைத்தான் கூப்பிடுவினமாம்."

நான் திருத்தவில்லை. அப்பாவும் திருத்தவில்லை. "நல்லது" என்றார். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்.

ஒக். 6, திங்கள்

மூடுபனி. ஸ்டேசனுக்கு அப்பாதான் காரில் கொண்டுபோய் விட்டார். பாதித் தூரம் போயாயிற்று. பிறகு, கண்ணை வீதியிலிருந்து எடுக்காமல்:

"செமினார் எண்டா, பிள்ளை, பத்துப் பதினைஞ்சு பேர் சுத்தி இருப்பினம். ஒராள் வாசிப்பார். மற்றவை பிழை பிடிப்பினம். நீயும் பிடிக்கோணும். வாயை மூடிக்கொண்டு இருக்கிறதெண்டா வீட்டிலேயே இருக்கலாம்."

"ஓம் அப்பா."

"விரிவுரையிலை முன் வரிசை வாங்கிலை இரு. பின்னுக்கு இருந்தா நித்திரை வரும்."

"நீங்கள் நித்திரை கொண்டனீங்களோ?"

"பின்னை?"

சிவப்பு விளக்கு. நீண்ட நேரம்.

"அப்பா, அண்டைக்கு போனில நான்…"

"ரெயின் போயிடும். இறங்கு."

பையைத் தானே தூக்கித் தந்தார். கனம் பார்த்து, "கல்லோ கொண்டு போறாய்?" என்றார்.

அதே நாள், மாலை

ஹம்பேர்க். விடுதி அறையில் மூன்று கட்டில்கள். எனக்கு யன்னலோரம்.

கூடத்தில் கதிரைகள் வட்டமாக. தொலைபேசியில் பேசிய பெண் எனக்கு நேர் எதிரே, மடியில் பெயர்ப்பட்டியல். ஒவ்வொருவராகப் பெயர், பாடம், பிறகு ஒரே வசனம்: எங்கள் வீட்டில் நான்தான் முதல் ஆள். பதினொரு பேர் சொல்லி முடித்தார்கள். பதினொரு முறை கைதட்டல்.

என் முறை.

பெயர் சொன்னேன். பாடம் சொன்னேன்.

"எங்கள் வீட்டில் நான் இரண்டாவது" என்றேன். "அப்பா பௌதிகவியல் படித்தவர். இரண்டு வருடம்."

ஒருவர் கைதட்டத் தொடங்கி நிறுத்தினார். பக்கத்திலிருந்தவன் தன் பெயரைச் சொல்லத் தொடங்கிவிட்டான். எதிரே அந்தப் பெண் குனிந்து பட்டியலில் என் பெயரைத் தேடினார். பேனையின் மூடியைக் கழற்றினார்.