புது ஜாவாவுக்குள் இருந்த எஞ்சின்

2007, மார்ச். வியாழன் இரவு.

எங்களுக்குக் கல்யாணமானதிலிருந்து நானும் மாமாவும் சேர்ந்து எழுதிய ஸ்கிரிப்ட் எஞ்சின் இன்றோடு வேண்டாததாகிவிட்டது. ஜாவா என்ற கணினி மொழியின் மேல் ஓடும் மென்பொருள்; எழுதித் தரும் விதிகளைப் படித்து அதன்படி கணக்குப் போடும். சிதம்பரத்தில் ஒரு கல்லூரிக்காகச் செய்தோம். மதிப்பெண் விதி மாறினால் அலுவலகத்தில் இருப்பவர்களே ஜாவாஸ்கிரிப்ட் என்ற எளிய மொழியில் நாலு வரி எழுதி மாற்றிக்கொள்ளலாம், எங்களைக் கூப்பிட வேண்டாம். இதை நம்பித்தான் மாமா சென்னை வேலையை விட்டுவிட்டு எங்கள் ஊர் செம்மண்டலத்துக்கே வந்தார்.

நாளை கல்லூரியில் ஓட்டிக் காட்ட வேண்டும். அதற்காக மத்தியானம் புது ஜாவாவை இறக்கிப் போட்டேன். அதற்குள்ளேயே ஒரு ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சின் இருந்தது. எங்கள் விதிகளை அதில் போட்டுப் பார்த்தேன். எல்லாம் ஓடின. எங்களுடையதில் பாதியில் நின்றுபோகும் விதிகூட ஓடியது. இலவசம் வேறு.

மாமா வெளியிலிருந்து வந்ததும் சொன்னேன்.

"தெரியும் செல்வி," என்றார்.

"எப்பலேந்து?"

"பொங்கலுக்கு முன்னாடியே. நீ அந்த விதி ஏன் பாதில நிக்குதுன்னு சாப்பிடாமகூட தேடிக்கிட்டிருந்த. எப்படிச் சொல்றது?"

எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் தேவலை.

"அப்ப நாளைக்கு எதுக்கு மாமா போறோம்?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அவுங்களுக்குத் தெரியாம இருக்கலாம்ல," என்றார்.

அவர் தூங்கிவிட்டார். அந்தக் கல்லூரியில் ஒருவருக்கும் தெரிந்திருக்கக் கூடாது என்று நானும் இப்போது வேண்டிக்கொண்டிருக்கிறேன்.