கையுறையோடு வாங்கிய ஆசி

அன்பு மகள் மாயுமிக்கு,

டப்ளின் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறோம். இங்கே நம் ஊர் லிபாவில் நாங்கள் நலம். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, என்னைத் திட்டும் தெம்பு குறையவில்லை. கூரை ஒழுகுவதைச் சரிசெய்கிறேன் என்று நானே ஏணியில் ஏறினேன், இப்போது இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. இதெல்லாம் சில்லறை. இந்த வாரம் நான் மருத்துவமனையில் அடித்த கூத்தை அம்மா உனக்குப் போனில் சொல்லிவிடுவதற்குள் நானே எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன், அவள் சொன்னால் இன்னும் அசிங்கமாக இருக்கும்.

என் வார்டில் இப்போது கடைசி ஆண்டு மாணவர்கள் ஆறு பேர். அதில் எமர்சன் டிமாகுலாங்கன் என்று ஒருவன், ஒல்லியாக, தலை நிமிராத பையன். திங்கட்கிழமை ஒரு பெரியவருக்குச் சிறுநீர்க் குழாய் போடச் சொன்னேன். கையைக் கழுவி, கிருமி நீக்கிய கையுறையை அழகாக மாட்டிக்கொண்டு திரும்பினான், கிழவர் பழக்கதோஷத்தில் கையை நீட்டிவிட்டார். நம் ஊரில் பெரியவர் கை நீட்டினால் எடுத்து நெற்றியில் வைத்து ஆசி வாங்காத பிள்ளை உண்டா, இவனும் வைத்துவிட்டான். வைத்த கையோடு குழாயை எடுக்கப் போனான். நான் போட்ட சத்தத்தில் அடுத்த வார்டில் தூங்கிய நோயாளிகூட எழுந்துவிட்டாராம். உங்க வீட்டு மரியாதை கிருமிக்குத் தெரியுமாடா என்று கேட்டேன். கேட்டதோடு விட்டேனா, இந்த மாதப் பயிற்சியை மறுபடி முதலிலிருந்து செய் என்று சொல்லிவிட்டேன். அப்படிச் செய்தால் அவன் கூடப் படித்தவர்களோடு பட்டம் வாங்க முடியாது. பட்டமளிப்பு விருந்துக்கென்று அவன் அம்மா ஒரு பன்றியை வளர்த்துக்கொண்டிருக்கிறாள் என்று பிறகுதான் நர்ஸ் சொன்னாள். அப்போதும் நான் இறங்கி வரவில்லை. கண்டிப்பானவன் என்ற பெயர் எனக்குக் கிரீடம் மாதிரி, உனக்குத் தெரியாததா.

வெள்ளிக்கிழமை நம் ஞானத்தாய் பூரிங்கைக் கொண்டுவந்து சேர்த்தார்கள், எங்கள் கல்யாணத்துக்குச் சாட்சியாக நின்றவள்தான். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்து, இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியாமல் மூச்சு வாங்கியது. ஊசி போட்டு நீரை எடுக்க வேண்டும். மாணவர்களைச் சுற்றி நிறுத்திக்கொண்டு கையுறை மாட்டினேன், சும்மா மாட்டினேனா, இந்தக் கை இனிமேல் யாருக்கும் சொந்தமில்லை, ஜனாதிபதியே வந்தாலும் தொடக்கூடாது என்று டிமாகுலாங்கனைப் பார்த்துக்கொண்டே ஒரு பிரசங்கம் வேறு. மேஜைமேல் சாய்ந்திருந்த கிழவி அந்த மூச்சுத்திணறலிலும் கழுத்தைத் திருப்பி, என்னடா தோத்தோய், பெரிய டாக்டர் ஆனதும் என்னைக் கண்டுக்காம வேலையப் பாக்குறியா என்று என் சின்ன வயதுச் செல்லப் பெயரைச் சொல்லிக் கையை நீட்டினாள். பிறகு நான் செய்ததை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. குனிந்தேன், கையை எடுத்தேன், வியர்த்து வழிந்த என் நெற்றியில் வைத்தேன். வைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல் ஊசியைக் கையில் எடுத்தேன்.

என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியவே இல்லை மாயுமி. அந்த உடம்பு இருந்த நிலைமைக்கு நெஞ்சுக்குள் சீழ் பிடித்தால் கிழவி பிழைத்திருக்க மாட்டாள். ஆறு பேரும் பார்த்தார்கள், ஐந்து பேர் தரையைப் பார்த்தார்கள். டிமாகுலாங்கன்தான், சார், உங்க கிளவுஸ் என்றான், குரலே எழும்பவில்லை. என் கிளவுசுக்கு என்ன என்று நான் எரிந்து விழுந்தேன். அவன் தன் நெற்றியை விரலால் தொட்டுக் காட்டினான்.

ஊசியைக் கீழே வைத்தேன். திரும்பப் போய்க் கை கழுவும்போது என் முதுகுக்குப் பின்னால் ஒருவரும் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால் தேவலை. புதுக் கையுறை, புது ஊசி, நீர் நன்றாக இறங்கியது. சாயங்காலம் கிழவி நிமிர்ந்து உட்கார்ந்து கடுங்காப்பி கேட்டாள், அந்த ஒல்லிப் பையன் உன்னைவிட நல்லா வளந்தவன் என்று வார்டே கேட்கச் சொன்னாள். அவனைத் தாழ்வாரத்தில் நிறுத்தி, உன்னைத் திரும்பச் செய்யச் சொன்னால் நானும் உன்கூட முதலிலிருந்து செய்ய வேண்டும், எனக்கு வயதாகிவிட்டது, போ, எல்லாரோடும் பட்டம் வாங்கு என்றேன். அன்றைக்கு என் முடிவு பிடிக்காமல் போனது அந்தப் பன்றிக்கு மட்டும்தான். விருந்துக்கு எங்களையும் கூப்பிட்டிருக்கிறான்.

போகும்போது என் வெறுங்கையை எடுத்து அவன் தன் நெற்றியில் வைத்தான். அப்போது உன் நினைவு வந்து, கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன், அதை மட்டும் அம்மாவிடம் சொல்லாதே.

நீ வேலை செய்யும் மருத்துவமனையின் தலைமை டாக்டர் கோபக்காரர், வாயைத் திறக்கவே பயமாக இருக்கிறது என்று சென்ற முறை எழுதியிருந்தாய். பேசாமல் இரு, பெரியவர்களுக்குத் தெரியும் என்று நான்தான் புத்தி சொன்னேன். அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. பெரியவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

கடவுள் உங்கள் இருவரையும் காக்கட்டும். கம்பளிக் கையுறை இல்லாமல் வெளியே போகாதே. கிறிஸ்துமஸுக்கு வரும்போது விமான நிலையத்திலேயே கையை நீட்டுவேன், கையுறை இல்லாத கைதான், பயப்படாமல் நெற்றியில் வை.

உன் அசட்டு அப்பா,
கிரிசாந்தோ