இரும்புக் காப்பும் கம்பாசும்

நண்பா,

காட்டு அளவை வேலையில் சேர்ந்திருக்கும் என் பேத்தி, நேற்று ஜிபிஎஸ் கருவியை என்னிடம் நீட்டி, "வெளிய நின்னு பாருங்க தாத்தா, நாம எங்க இருக்கோம்னு காட்டும்" என்றாள். நான் முதல் வேலையாகக் கைக்கடிகாரத்தையும் சாவிக்கொத்தையும் கழற்றித் தூர வைத்தேன். "இதுக்கு இரும்பு ஒண்ணும் பண்ணாது தாத்தா" என்று சிரித்தாள். நாம் பட்ட பாடு அவளுக்கு எங்கே தெரியும்!

நாட்டுக்கு மெர்டேக்கா, சுதந்திரம், கிடைத்த புதிது. நம் ஊர் காஜா பேராங்கிலிருந்து நம் இருவரையும் லிங்கி ஆற்றோரச் சதுப்புக் காட்டை அளக்கச் சேர்த்துக்கொண்டார்கள். கம்பாஸ் முள்ளைப் பார்த்து, மரங்களில் குறி வெட்டிக்கொண்டே நேர்கோடாகப் போக வேண்டும். வெட்டுக்கத்தியைக் கம்பாசுக்குப் பக்கத்தில் கொண்டுவரக் கூடாது என்று சொல்லித் தந்தார்கள். பேய் அண்டாமலிருக்க உன் அம்மா சிறுவயதில் மாட்டிவிட்ட இரும்புக் காப்பைப் பற்றி யாரும் சொல்லவில்லை. கம்பாசைப் பிடித்ததோ அந்தக் கை.

அரைநாள் நடந்து, நாமே குறி வெட்டிய மரத்தின் முன் மறுபடியும் வந்து நின்றோம். கடல் நீர் காட்டுக்குள் ஏறத் தொடங்கியிருந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே வேர்கள், அதே சேறு.

உன் கை அசையும்போதெல்லாம் முள்ளும் அசைவதை அப்போதுதான் கவனித்தோம். எவ்வளவு இழுத்தும் காப்பு கழன்று வரவில்லை. "நீ புடிடா, நான் தள்ளி நிக்கிறேன்" என்று கம்பாசை என்னிடம் கொடுத்தாய். நீச்சல் தெரியாதவன், பேய்க்குப் பயந்தவன், மரங்களுக்குப் பின்னால் தனியாக நின்றாய். நான் முள்ளைப் பார்த்துக் கொஞ்ச தூரம் நடந்து, "இருக்கியா?" என்பேன். "இருக்கேன்லா" என்றபடி பின்னால் வருவாய். தண்ணீர் நெஞ்சைத் தொட்டபோது ஒருமுறை பதிலே இல்லை. வாய்க்கு வந்தபடி திட்டினேன். "வாயில தண்ணி போயிருச்சு, கத்தாதலா" என்றாய். அன்று பயந்ததுபோல் நான் பிறகு பயந்ததே இல்லை. பொழுது சாய்வதற்குள் ஆற்றங்கரையில் ஏறிவிட்டோம்.

வேலைகள் மாறின. உன் வீட்டு வாசலில் நின்று நான் "இருக்கியா?" என்பதும், நீ உள்ளிருந்து "இருக்கேன்லா" என்பதும் மட்டும் மாறவில்லை.

உன் காரியம் முடிந்த மறுவாரம், பழக்க தோஷத்தில் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு, "இருக்கியா?" என்று கேட்டுவிட்டேன். உன் மருமகள் ஓடி வந்து, "உள்ள வாங்க மாமா" என்றாள். உள்ளே போக மனம் வரவில்லை. திரும்பி நடக்கக் காலும் வரவில்லை. அவள் எதிரிலேயே இன்னொரு முறை, சத்தமாகக் கேட்டேன்.