சிலையின் இடது கையில் என்ன?

மார்ச் 3, திங்கள்

மன்னித்துக்கொள், மறுபடியும் நடுராத்திரியில்தான் உன்னைத் திறக்கிறேன். என் மகள் குண்டு இப்போதுதான் கண்ணை மூடினாள். எட்டு மாதக் குழந்தைக்குத் தூங்குவதென்றால் அப்படி என்ன கௌரவக் குறைச்சலோ!

இன்று என் பலகையைத் திறந்துவைத்தார்கள். நகரசபையில் நான் எழுதிய முதல் பலகை! சந்தை முக்கில் நிற்கும் ரொட்டிக்காரி சிலையின் காலடியில், பளபளவென்று பதினொரு வரி. கதை ஊருக்கே தெரிந்ததுதான். விடியுமுன் ரொட்டி விற்கக் கிளம்பியவள் அணை விரிசல் விடும் சத்தத்தைக் கேட்டாள். தெருத்தெருவாக ஓடிக் கதவு தட்டினாள். ஊரே மேட்டில் ஏறிப் பிழைத்தது. வெண்கலத்திலும் ஓடிக்கொண்டேதான் இருக்கிறாள். வலது கை கதவு தட்டுகிற மாதிரி மேலே. இடது கையில், மார்போடு அணைத்த ஒரு துணிப் பொதி. ‘கைக்குழந்தையை அணைத்தபடி’ என்று ஆறாவது வரியில் எழுதியிருக்கிறேன். அந்த வரியை மட்டும் நாலு தடவை திரும்பப் படித்தேன்.

மேலாளர் “ம்” என்றார். அவரிடம் அதுதான் பாராட்டு. என் ஆறு மாதத் தற்காலிக வேலை 24ஆம் தேதியோடு முடிகிறது. அதற்குமேல் வைத்துக்கொள்வார்கள், இல்லையா? வைத்துக்கொள்வார்கள்.

மார்ச் 4

குழந்தை இல்லையாம். ரொட்டியாம்.

மார்ச் 5, புதன்

நேற்று அதற்குமேல் எழுதக் கை வரவில்லை. ரொட்டிக்கடைக்காரர் சங்கத் தலைவர் கையில் மாவு அப்பியிருக்க அப்படியே அலுவலகத்துக்கு வந்துவிட்டார். “ஏம்மா, பேரே ரொட்டிக்காரி. ரொட்டியத் தூக்காம வேற என்னத்தத் தூக்குவா, செங்கல்லயா?” முப்பது வருடத்துக்கு முன்னால் சிலையை வைத்ததே அவர்கள் சங்கம்தானாம். எல்லாக் கடைப் பெயர்ப்பலகையிலும் அவள் படம்தான்.

நான் ஏன் குழந்தை என்று எழுதினேன்? யாரும் சொல்லவில்லை. எந்தக் கோப்பிலும் இல்லை. குறிப்பெடுக்கப் போன அன்று குண்டு என் இடுப்பில் இருந்தாள். நிமிர்ந்து பார்த்தேன். ரொட்டிக்காரியும் என்னைப் போலவே முழங்கையை மடித்து, உள்ளங்கையால் அடியில் தாங்கி… சந்தேகமே வரவில்லை. குண்டு இரண்டு தும்மல் போட்டால் மூன்று பேரிடம் கேட்கிறவள் நான், இதை ஒருத்தரிடமும் கேட்கவில்லை. ஏண்டி இப்படிப் பண்ணுன? கேட்டிருந்தா வாய் தேஞ்சா போயிருக்கும்?

வீட்டிலும் ஆதரவில்லை. “ரொட்டிதான்,” என்றார் மாமியார். “புள்ளயத் தூக்கிட்டு எவளாவது அந்த ஓட்டம் ஓடுவாளா? கழுத்து என்னத்துக்கு ஆகும்?”

“அப்போ புள்ளய வீட்டுல விட்டுட்டு ரொட்டியக் காப்பாத்துவாளா அத்தை?” வாய் தவறி வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் தண்ணீர் குடிக்கப் போவதுபோல் எழுந்துபோய்ச் சமையலறையில் நின்று சிரித்தார். நாங்கள் பார்க்கவில்லை என்று நினைப்பு.

மார்ச் 10, திங்கள்

ஊர் இரண்டாகிவிட்டது! தள்ளுவண்டியில் பிள்ளைகளை வைத்துத் தள்ளிக்கொண்டு பதினேழு அம்மாக்கள் சிலையடியில் கூடினார்கள். “குழந்தைதான், பலகையில கை வச்சா பாருங்க!” என்றாள் முன்னால் நின்றவள். எனக்கு அவளை யாரென்றே தெரியாது, கட்டிப்பிடிக்கலாம்போல் இருந்தது. கம்பளிக் குல்லா ஒன்றைக் கம்பில் மாட்டிப் பொதிமேல் போட்டுவிட்டார்கள். மதியத்துக்குள் ரொட்டிக்காரர்கள் அவள் காலடியில் ஒரு கூடை ரொட்டி வைத்தார்கள். அம்மாக்களே அதை எடுத்துத் தின்றுவிட்டார்கள்.

என் வீட்டுக்காரர் ஓட்டும் பேருந்தில் ஏறும்போதே ஓட்டுப் போடுகிறார்களாம். “காலை வண்டியில குழந்தை. ராத்திரி வண்டியில ரொட்டி. பசியில ஏறுறவங்க இல்லயா?”

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அப்புறம் மேலாளர் சொன்னது நினைவுக்கு வந்தது: “வியாழக்கிழமைக்குள்ள ரெண்டுல ஒண்ணு முடிவாகணும். பலகை தப்புன்னா பலகையும் போகும், அதோட…” அவர் முடிக்கவில்லை. முடித்திருக்கலாம்.

மார்ச் 12

சிலை கழுவும் அக்காவைப் பிடித்துக் கேட்டேன். “நான் கீழேயிருந்து தண்ணி அடிக்கிறதோட சரி கண்ணு. பொதிக்கு மேல வாய் தெறந்துதான் இருக்கு. உள்ள எட்டிப் பாத்தவங்க யாரும் இல்ல.”

முப்பது வருடமாக ஒருத்தரும் பார்க்கவில்லை! நாளை தெருவிளக்கு மாற்றும் ஏணி வருகிறது. நான்தான் ஏறுவேன் என்று சொல்லிவிட்டேன். எனக்கு நாற்காலிமேல் ஏறினாலே தலை சுற்றும்.

மார்ச் 13, வியாழன்

ஏறினேன்!

அக்கா ஏணியைப் பிடித்துக்கொண்டார். மேலாளர் என் காதருகே வந்து, “மேல என்ன இருந்தாலும் ஏதாவது ஒண்ணச் சொல்லி முடிச்சிவிடும்மா,” என்றார். கீழே ஒரு பக்கம் தள்ளுவண்டிகள், ஒரு பக்கம் வெள்ளை மேலங்கியில் ரொட்டிக்காரர்கள். மாமியார் குண்டோடு வந்து நின்றார், ரொட்டிப் பக்கத்தில்! இருபத்திரண்டு படி. எண்ணினேன், இல்லையென்றால் அழுதிருப்பேன்.

குல்லாவை விலக்கி எட்டிப் பார்த்தேன். காய்ந்த இலைகள். கொஞ்சம் மழைத்தண்ணீர். அதற்கடியில் வெறும் குழி.

எனக்கு மட்டும்தான் தெரியும். ‘குழந்தை’ என்று ஒரு வார்த்தை சொன்னால் பலகை நிற்கும், வேலை நிலைக்கும். நாக்கு நுனிவரை வந்தது. கீழே குண்டு அண்ணாந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒண்ணுமே இல்ல! காலி!”

போச்சு, எல்லாம் போச்சு என்று ஏணியை இறுக்கிக்கொண்டேன்.

அப்போது சங்கத் தலைவர் தொடையைத் தட்டினார். “அப்ப அத்தனையும் வித்துப்போச்சுன்னு அர்த்தம்! அவ யாரு, எங்காளு!”

“அதெல்லாம் இல்ல, புள்ள எறங்கி ஓடியிருக்கும்!” என்று கத்தினாள் முன்வரிசை அம்மா. “எங்க வீட்டுல தெனமும் அதான நடக்குது!”

இரண்டு பக்கமும் விழுந்து விழுந்து சிரித்தது. ஏணி ஆடியது, அக்காவும் சிரிக்கிறார்! “அக்கா, புடிங்க, புடிங்க!” என்று நானும் சிரித்துக்கொண்டே அலறினேன்.

மார்ச் 21, வெள்ளி

ஆறாவது வரியை மாற்றியாகிவிட்டது: ‘இடது கையில் என்ன இருந்தது என்பதை, பார்ப்பவர்கள் சொல்லட்டும்.’ மேலாளர் படித்தார். “ம்.” போகிறபோக்கில், “பழைய பாலத்துக்கும் ஒரு பலகை வேணும். ஜூன்ல குடுத்தாப் போதும்,” என்றார். நாற்காலிவரை வந்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. ஜூன்!

சிலை செய்தவர் இன்னும் இருக்கிறாராம், வேறு ஊரில். சங்கத் தலைவர்தான் முகவரி கொடுத்தார். காலையில் தபாலில் போட வேண்டியதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

ஐயா, உங்கள் ரொட்டிக்காரியின் கைப்பொதிக்குள் எட்டிப் பார்த்தவள் நான். அதை ஏன் காலியாக விட்டீர்கள்? கீழேயிருந்து தெரியாது என்றா, மறந்துபோயா, வேண்டுமென்றேவா? எதுவாக இருந்தாலும் பலகையை மாற்ற மாட்டேன், யாரிடமும் சொல்லவும் மாட்டேன். எனக்குத் தெரிந்தாக வேண்டும், அவ்வளவுதான். தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்.