கறைச்சட்டை

மூன்று வாரமாக என் மூக்கில் கொல்லாம்பழ வாசனை இருக்கிறது. முதலில் அது வந்தது உன் மகளின் பள்ளி அலுவலகத்தில். இனிப்பும் தொண்டையைப் பிடிக்கும் காறலுமாக அந்த ஏசி அறையில் அடைபட்டுக் கிடந்தது. தலைமையாசிரியையின் மேசையில், வெள்ளைத் தாள் ஒன்றின்மேல், பிடிபட்ட திருட்டுப் பொருள்போல ஒரு நசுங்கிய முந்திரிப்பழம். மூலையில் உன் மகள். பத்து வயதுக்கு உயரம் அதிகம்தான். சீருடையின் முன்பக்கம் முழுக்கப் பழுப்புக் கறை. அவள் அழவில்லை. உன்னைப் போலவே கீழுதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அவள் அப்பா துபாயில். நீ போன பிறகு அவளைப் பார்த்துக்கொள்ளும் அத்தை அன்று போனை எடுக்கவில்லை. அதனால் பட்டியலில் 'அம்மாவின் தோழி' என்று அடுத்திருந்த என்னை அழைத்திருந்தார்கள். குற்றம் இதுதான்: மதிய இடைவேளையில் பள்ளிச் சுவரோரம் நிற்கும் கொல்லா மரத்தில் ஏறினாள். தண்டனை, ஆண்டு முடியும்வரை இடைவேளையில் வகுப்பை விட்டு வெளியே வரக்கூடாது. 'இனி மரத்தின் அருகே செல்ல மாட்டாள்' என்று ஓர் உறுதிமொழிக் கடிதம் அச்சிட்டுத் தயாராக இருந்தது. நான் கையெழுத்துப் போட வேண்டும்.

"மேடம், நீங்க காலேஜ்ல கெமிஸ்ட்ரி எடுக்கிய ஆளு. உங்களுக்கு நான் சொல்லணுமா? விழுந்தா ஆரு பதில் சொல்லது?"

நியாயமான கேள்விதான். ஆனால் அதைக் கேட்டவரின் தலைக்குப் பின்னால் ஒரு பெரிய படம் மாட்டியிருந்தது. பள்ளியில் கொண்டாடிய 'இயற்கை நாள்'. பிள்ளைகள் தலையில் அட்டை இலைகளைக் கட்டிக்கொண்டு, பச்சைப் பிளாஸ்டிக் புல்விரிப்பில் வரிசையாக நிற்கிறார்கள். உன் மகளும் அதில் இருந்தாள். 'நான் ஒரு மரம்' என்று அவள் கழுத்தில் அட்டை தொங்கியது. மரமாக நடிக்கலாம், மரத்தைத் தொடக்கூடாது! நான் குரல் உயர்த்தி நீ கேட்டதில்லை. அன்றும் உயர்த்தவில்லை. ஆனால் பேனாவை எடுக்கவில்லை.

திருவட்டாறில் நம் வீடுகளில் ஆளுக்கொரு கறைச்சட்டை இருந்ததே, நினைவிருக்கிறதா? கொல்லாம்பழச் சாறு பட்டால் துணியை விட்டுப் போகாது. அதனால் பழக்காலம் தொடங்கும்போது பழைய சட்டை ஒன்றை அதற்கென்றே ஒதுக்கித் தருவார்கள். அது உடம்பில் இருந்தால் போதும், எங்கே போனாய், எதில் ஏறினாய் என்று மாலைவரை கேள்வி கிடையாது. ஒருநாள் நான் பச்சைக் கொட்டையைப் பல்லால் கடித்தேன். அதன் ஓட்டிலுள்ள எண்ணெய் பட்டு உதடு கொப்பளித்து வீங்கிவிட்டது. நீ தரையில் உட்கார்ந்து சிரித்தாய். "ஏட்டி, கிளாஸ்ல முதல் மார்க்கு வாங்கிய மூஞ்சியா இது? சுட்டுத் திங்கணும்னு ஆட்டுக்குட்டிக்கும் தெரியுமே!" மறுநாள் பள்ளிக்கு வந்தால் உன் உதடும் வீங்கியிருந்தது. கேட்டதற்கு, "ஒத்தைக்கு நீ மட்டும் ஏச்சு வாங்கண்டாம்னு நெனச்சேன்" என்றாய்.

அதைப் பொற்காலம் என்று எழுத எனக்கு மனமில்லை. பாம்பு இருந்தது. கையொடிந்த பிள்ளைகள் இருந்தார்கள். வயதுக்கு வந்ததும் நம்மிடமிருந்து கறைச்சட்டையைப் பிடுங்கிக்கொண்டார்கள். மரம் ஏறினால் நல்ல குணம் வளரும் என்பதையும் நான் நம்பவில்லை. எந்தக் கிளை தாங்கும், எது முறியும் என்று தன் காலாலேயே அறிந்துகொள்ள ஒரு குழந்தைக்கு உரிமை உண்டு. அவ்வளவுதான். அந்த உரிமையைப் பறித்துவிட்டு அதன் கையில் அட்டை இலையைக் கொடுப்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஆனால் என் கோபம் அந்த அம்மாவோடு நிற்கவில்லை. அதை உன்னிடம் மட்டும்தான் சொல்ல முடியும்.

போன ஆண்டு, மார்த்தாண்டத்தில் உன் தையல் கடை. உன் பழைய சுடிதார் ஒன்றை வெட்டி மகளுக்குக் கறைச்சட்டை தைத்துக்கொண்டிருந்தாய். சனிக்கிழமைதோறும் அவளை உங்கள் வீட்டுக் கொல்லாந்தோப்புக்குக் கூட்டிப்போகப் போவதாகச் சொன்னாய். "இந்தக் காலத்தில போயா? சனிக்கிழமை கோடிங் கிளாஸ் நடக்கு, அதில சேத்து விடு. மரம் ஏறியா பிழைக்கப் போறா?" என்றேன் நான். மிஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாய். "நீயாட்டி இதச் சொல்லிய?" பிறகு நூலைக் கடித்துத் துப்பிவிட்டு, "சரி, நீ படிச்சவ. நீ சொன்னா காரியம் இருக்கும்" என்று சட்டையை மடித்து வைத்தாய்.

அதுதான் உன் கடைசிப் பழக்காலம். சனிக்கிழமைகளில் உன் மகள் ஒரு மூடிய அறையில் கணினித் திரையில் ஒரு பொம்மையை மரத்தில் ஏற்றிக்கொண்டிருந்தாள். நீ தனியாகப் போய்ப் பழம் பொறுக்கினாய். அந்த மழைக்காலம் முடியுமுன் நீ இல்லை.

தலைமையாசிரியை கடிதத்தை என் பக்கம் நகர்த்தினார். நான் அந்த வரியை அடித்துவிட்டுக் கீழே எழுதினேன்: 'இவள் ஏறுவாள். ஏறும்போது கீழே பெரியவர் ஒருவர் நிற்க வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் எனக்கு வகுப்பில்லை. நான் நிற்கிறேன்.' கையெழுத்துப் போட்டேன்.

"அப்பம் எல்லாப் பிள்ளையளும் ஏறணும்னு கேக்குமே, மேடம்?"

"கேக்கட்டும். அவங்க வீட்டில இருந்தும் ஒரு ஆளு வந்து நிக்கட்டும்."

தலைமையாசிரியை அந்தத் தாளை எடுத்து வாசித்துவிட்டு, "வெள்ளிக்கிழமை மட்டும். கீழ்க் கிளை மட்டும்" என்றார். மற்ற நாட்களில் அவள் வகுப்பிலேயே இருக்க வேண்டும் என்பதில் இறங்கிவரவில்லை. அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை, நான் விடப்போவதும் இல்லை.

நீ மடித்து வைத்த சட்டையை அவள் அத்தைதான் தேடி எடுத்துத் தந்தாள். "அண்ணன் கேட்டா நீங்கதான் பேசணும், கேட்டீங்களா" என்ற எச்சரிக்கையோடு. தோள் கொஞ்சம் இறுக்கம். ஒரு வருடத்தில் வளர்ந்துவிட்டாள். போன வெள்ளிக்கிழமை அதைச் சீருடைக்கு மேலேயே மாட்டிக்கொண்டு ஏறினாள்.

"சித்தி, மேல பாக்காதீங்க, கண்ணில சாறு விழும்."

பார்த்தேன். பழம் ஒன்று நேராக என் தோளில் விழுந்து உடைந்தது.

"ஐயோ, சேலை! கறை போவாதே சித்தி, வீட்டில ஏசுவாங்களே?"

"ஏசட்டு. ஒத்தைக்கு நீ மட்டும் ஏச்சு வாங்கண்டாம்" என்றேன்.

உன் வார்த்தை. இத்தனை காலம் அது என் வாயில் இருந்தது எனக்கே தெரியாது. கறைகளை எதில் கரைக்கலாம் என்று இருபது வருடமாகப் பாடம் எடுக்கிறேன். திங்கட்கிழமை அதே சேலையில்தான் வகுப்புக்குப் போனேன்.