முன் அறை ரேடியேட்டர்

பெப்ரவரி 2, திங்கள்

தவமலருக்கு முழங்கால் ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு விடுவார்களாம். ஆறு கிழமைக்கு மாடி ஏறக் கூடாது என்பதால் கட்டிலைக் கழற்றிக் கீழே முன் அறைக்குக் கொண்டுவந்து பூட்டிவிட்டேன். தனியாக. அறுபத்தெட்டு வயதில் எத்தனை பேரால் முடியும்?

ஒரே குறை, அந்த அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் சில்லென்று கிடக்கிறது. மற்றவை எல்லாம் கொதிக்கின்றன. நானும் தவமும் எப்போதும் குசினியிலேயே சமைத்துச் சாப்பிட்டு இருப்போம், முன் அறை வருகிறவர்களுக்கு. அதனால் இது எப்போது நின்றது என்று தெரியாது. பின்னேரம் மகள் தர்மிகா வந்து தொட்டுப் பார்த்தாள்.

"அப்பா, வெள்ளிக்கிழமைக்கிடையிலை இது சூடாகாட்டி அம்மாவை நான் ரெய்னர்ஸ் லேனிலை என்ரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போறன். பேந்து கத்தக் கூடாது."

கூட்டிக்கொண்டு போவதா? ஆறு கிழமை நான் யாரோடு சண்டை பிடிப்பது? முப்பது வருடம் பஸ் டிப்போவில் எஞ்சின் திருத்தியவன் நான். இது வெறும் தண்ணீர்ப் பெட்டி. நாளைக்கே முடித்துவிடுவேன்.

பெப்ரவரி 3, செவ்வாய்

காற்றுத்தான் அடைத்திருக்கிறது என்று முடிவுகட்டினேன். ஹீற்றிங்கை நிறுத்தி, மேல் மூலைத் திருகை அதன் சாவியால் கொஞ்சம் திறந்தேன். உஸ் என்ற சத்தமே இல்லை. நேரே கறுப்புத் தண்ணீர், என் வெள்ளைச் சேர்ட்டில்.

சரி, காற்று இல்லை. அதுவும் ஒரு முன்னேற்றம்தான்.

பெப்ரவரி 4, புதன்

ஹீற்றிங் வேலை செய்யும் ரதீசன் கோயிலில் பழக்கம். அவனுக்குப் போன் எடுத்தேன்.

"அடுத்த கிழமைதான் வர ஏலும் அண்ணை. குழாய் சுடுதோ எண்டு வால்வுக்குக் கீழை தொட்டுப் பாருங்கோ."

கீழே சுட்டது. மேலே சில்லென்று இருந்தது. "அப்ப வால்வுதான் இறுகிப்போச்சு" என்றான். எனக்கு முன்பே தெரியும் என்றேன். (தெரியாது.)

ஆஸ்பத்திரியில் தவம் கேட்டாள், "தர்மிகா வீடு நல்ல சூடு, என்ன?" அவ்வளவுதான் கேட்டாள். வரும் வழியெல்லாம் பயமாக இருந்தது.

பெப்ரவரி 5, வியாழன்

வால்வின் மேல் இருக்கும் இலக்கம் போட்ட பிளாஸ்டிக் தலையைக் கழற்றினேன். உள்ளே ஒரு சின்ன ஊசி. அது மேலே எழும்பினால்தான் சுடுதண்ணீர் உள்ளே போகும். எழும்பவில்லை. சுற்றிவர வெள்ளையாகப் பூத்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன்.

உப்பு.

ஐயோ — மோர்மிளகாய்! போன மூன்று மாரிக் குளிரிலும் இந்த ரேடியேட்டருக்கு மேலே கம்பித்தட்டு வைத்துக் காயப்போட்டது ஆர்? நான். வெயில் இல்லாத இந்த மோர்டனில் இப்படி ஒரு மூளை ஆருக்கு வரும் எண்டு கோயில் முழுக்கச் சொல்லித் திரிஞ்சதும் நான். உப்பு மோர் சொட்டுச் சொட்டாய் வால்வுக்குள்ளை இறங்கியிருக்கு. தவம் அப்பவே சொன்னவள், "வடியுது, கீழை துணியைப் போடுங்கோ" எண்டு. கேட்டனானோ? நான் ஆரின்ரை கதையைத்தான் கேட்டனான்! இந்த முறை அவளின்ரை முழங்கால் அலைச்சலிலை மிளகாய் போடேல்லை, அதாலை சூடு இல்லாததும் தெரியேல்லை.

சுடுதண்ணீர்த் துணியால் உப்பைத் துடைத்து, எண்ணெய் விட்டு, ஸ்பானரால் மெதுவாகத் தட்டினேன். ஊசியை அமத்தினேன். விட்டேன். மறுபடி தட்டினேன். முக்கால் மணித்தியாலம் கழித்து டக்கென்று மேலே வந்தது! ஹீற்றிங்கைப் போட்டுப் பத்து நிமிடத்தில் கை வைக்க முடியவில்லை. விசிலடித்தபடி கட்டிலுக்கு விரிப்புப் போட்டேன்.

பெப்ரவரி 6, வெள்ளி

தவம் வந்துவிட்டாள். இங்கே.

பெப்ரவரி 8, ஞாயிறு

தர்மிகா வந்தாள். "என்னப்பா பிழை?" என்று கேட்டாள். காற்று என்று சொல்ல வாய் உன்னியது. தவம் கட்டிலில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ரை மோர்மிளகாய்" என்றேன்.

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் தவம் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். சிரிக்கட்டும். ரேடியேட்டரைத் திருத்தியது நான்தானே.

தேத்தண்ணி கொண்டு வந்தபோது தர்மிகா கோட்டைக் கழற்றிக் கதவில் கொழுவியிருந்தாள். இந்த மாரி முழுக்க ஞாயிறு தவறாமல் வந்து, அதே அறையில், கோட்டோடு இருந்து கால் மணித்தியாலத்தில் எழும்பிப் போனவள். பிள்ளைக்கு எந்த நேரமும் அவசரம் என்றுதான் நினைத்திருந்தேன். அவளுக்குக் குளிர்ந்திருக்கிறது.