நீக்கிய இரண்டு வாக்கியங்கள்

சொல்லாமல் இல்லை அண்ணே, சொல்லியிருக்கிறாய். லேத் பெல்ட் அறுந்த கதைக்கும் மணிமுத்தாற்றில் தண்ணீர் வருகிற சேதிக்கும் நடுவில்.

இன்று காலை மடிக்கணினியில் பழைய கோப்பு ஒன்று கண்ணில் பட்டது. பெயர், கழிவு. நான் வைத்த பெயர்தான்.

என் ஆய்வு உனக்குத் தெரியும். ஒரு பேச்சு எவ்வளவு கோர்வையாக இருக்கிறது என்று கணினியை அளக்கச் செய்வது. ஒவ்வொரு சொல்லையும் எண்களின் வரிசையாக்க வேண்டும். ஒரே மாதிரி இடங்களில் வரும் சொற்களுக்கு நெருக்கமான எண்கள் அமையும். சொற்களின் எண்களைச் சராசரி எடுத்தால் வாக்கியத்துக்கு ஓர் இடம் கிடைக்கும். அடுத்தடுத்த வாக்கியங்கள் அருகில் இருந்தால் கோர்வை. விலகினால் சிதறல்.

புத்தகத் தமிழ் போதாது, பேச்சு வேண்டும் என்றார்கள். பேட்டைப் பட்டறையிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் நீ அனுப்பும் குரல் பதிவுகள் என்னிடம் இருந்தன. ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளட்டுமா என்று உன்னிடம் கேட்டேன்.

"எடுத்துக்கோட்டி. மார்க்கு போட்டுச் சொல்லு. பாஸா ஃபெயிலா?"

ஒரு வாரம் கழித்துச் சொன்னேன். "ஃபெயில். ஒண்ணோட ஒண்ணு ஒட்டவே இல்லண்ணே."

"லேத் ஓட்டுதவன் பேச்சு பின்ன எப்படிட்டி இருக்கும்? சுத்திக்கிட்டுத்தான் கெடக்கும்."

சிரித்தாய். பின்னால் மெஷின் சத்தம்.

பதிவுகளின் நடுநடுவே ஆட்களை அதட்டுவாய். "ஏலே, அந்த ஸ்பேனர எங்கன வச்ச?" அவை என்னிடம் பேசியவை இல்லையே. அதனால், முன்னும் பின்னும் ஒட்டாமல் எட்டி நிற்கும் வாக்கியங்களைத் தானாக நீக்கும்படி நிரலில் ஒரு வரி சேர்த்தேன். நீக்கியவை இந்தக் கோப்புக்குள் போய் விழுந்தன. மதிப்பெண் ஏறியது. எனக்கு மகிழ்ச்சி.

தட்டச்சு செய்தவளும் நான்தான். புதிதாக நீ அனுப்பும் பதிவையும் நேரே தட்டச்சுக்கே எடுத்து, வேகமாக ஓடவிட்டு, சொல் சொல்லாக. காது கேட்டது, விரல் அடித்தது. நான் அங்கே இல்லை.

அந்த ஸ்பேனர் அதட்டல்களுக்கு இடையில் இன்று இதைப் படித்தேன்.

"இடது தோளு ரெண்டு நாளா ஒரே வலியா இருக்கு. அம்மைட்ட சொல்லிராத, பயந்துருவா."

அதற்குப் பத்து நாள் கழித்துப் பட்டறையிலேயே விழுந்தாய், எழவில்லை. இதயம் என்றார்கள்.

"உங்கிட்டதான எல்லாத்தையும் சொல்லுவான். ஒண்ணுமே சொல்லலையாட்டி?" அம்மா இன்னும் கேட்கிறாள். நேற்றும் கேட்டாள். இல்லை என்றேன். பொய் என்று தெரியாமல் சொன்ன பொய்.

கணக்கில் பிழை இல்லை. எட்டி நிற்பதை எட்டி நிற்கிறது என்றது. அப்படி நிற்பதெல்லாம் வேண்டாதது என்று முடிவு செய்தவள் நான். உனக்குப் பெல்ட்டும் வலியும் அம்மாவும் ஆறும் ஒரே மூச்சில் வந்திருக்கின்றன. கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு அது புரிந்திருக்க வேண்டும்.

அம்மாவிடம் சொல்லாதே என்றாய். அதை மட்டும், அறியாமலே, இத்தனை நாள் காப்பாற்றியிருக்கிறேன். இனி முடியாது அண்ணே.

அம்மா அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பதிவை முழுவதும் போட்டேன்.